உப்புகளின் பெயரும் வாய்பாடும்: மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ள ஓர் எளிய பாடம்

எங்கள் புறநோயாளர் பிரிவுக்குத் தேசூரிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வருவோர் மூன்று வினாக்களை அடிக்கடி எழுப்புகின்றனர். "டாக்டர், சாதாரண உப்பை நிறுத்திவிட்டுச் சோடியம் குறைந்த உப்பு வாங்கிப் போடுகிறோம், நல்லதுதானே?" என்பது முதல் வினா. "கால்சியம் மாத்திரை அட்டையில் 1250 என்றும் இருக்கிறது, 500 என்றும் இருக்கிறது, எது சரி?" என்பது இரண்டாவது. "வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த பொட்டலத்தைக் குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தம்ளரில் கரைத்துக் கொடுக்கலாமா?" என்பது மூன்றாவது.

வேறு வேறு நோய்களைப் பற்றியவை போலத் தோன்றினும், இம்மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படித்த அயனிச் சேர்மங்கள் என்னும் பாடமே அது. தேர்வு முடிந்ததும் மறந்துபோன அப்பாடத்தை, மருந்துச் சீட்டையும் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை படிப்போம். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பின் அவர்களையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.

அயனி என்பது யாது?

ஒவ்வொரு தனிமத்தின் அணுவிலும் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும், அவற்றுக்குச் சமமான எண்ணிக்கையில் எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்களும் உள்ளன. எனவே அணு மின்சுமையற்றது. சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள் உள்ளன. அவற்றுள் வெளிக்கூட்டில் இருப்பது ஒன்றே. அதை எளிதில் இழந்துவிடும். குளோரின் அணுவில் 17 எலக்ட்ரான்கள் உள்ளன. அதன் வெளிக்கூடு நிறைவதற்கு இன்னும் ஒன்று தேவை. அதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஒன்றை இழந்த சோடியம் +1 மின்சுமை பெறுகிறது. ஒன்றைப் பெற்ற குளோரின் −1 மின்சுமை பெற்றுக் 'குளோரைடு' என்னும் பெயரை அடைகிறது. இவ்வாறு மின்சுமை பெற்ற அணுவே அயனி எனப்படும்.

நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் ஒன்றையொன்று ஈர்த்து அடுக்கடுக்காக அமைந்தால் உருவாகும் பொருள் அயனிச் சேர்மம். சமையல் உப்பு அத்தகையது. சோடியம் தனித்து இருக்கையில் நீர் பட்டால் வெடித்து எரியும் உலோகம். குளோரின் தனித்து இருக்கையில் நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு. அயனிகளாகிச் சேர்ந்தபின் அவையே நம் உணவிற்குச் சுவை தருகின்றன. ஒரு பொருளின் பெயரில் எந்தத் தனிமம் உள்ளது என்பதைவிட, அது எந்த வடிவில் உள்ளது என்பதே முதன்மையானது என்பதற்கு இதுவே சான்று.

உப்புப் படிகத்துக்குள் 'ஒரு சோடியம், ஒரு குளோரைடு' என்று தனித்தனி இணைகள் இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்துள்ளன. ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடியம் அயனிகள் சூழ்ந்துள்ளன. நெசவு அறிந்த நம் ஊராருக்கு இது எளிதில் விளங்கும். பட்டுச் சேலையில் இந்தப் பாவு நூலுக்கு இந்த ஊடை நூல்தான் இணை என்று பிரித்துக் காட்ட இயலாது. எத்தனைக்கு எத்தனை என்னும் கணக்கையே கூற இயலும். அயனிச் சேர்மத்தின் வாய்பாடும் அவ்வாறே, அயனிகளின் மிக எளிய விகிதத்தைக் கூறுவதாகும்.

உப்பு நீரில் கரையும்போது இந்த நெசவு பிரிந்து, அயனிகள் தனித்தனியே நீரில் உலவுகின்றன. நம் இரத்தத்தில் உப்பு இருக்கும் நிலையும் இதுவே. ஆகையால்தான் பரிசோதனை அறிக்கையில் 'உப்பு' என்று ஒரு வரி இருப்பதில்லை. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் என்று தனித்தனி வரிகள் உள்ளன.

வாய்பாடு எழுதும் முறை

தனிமங்களுக்கு உலகெங்கும் பொதுவான ஆங்கில எழுத்துக் குறியீடுகள் உண்டு. அவற்றை ஒலிக்கும் வண்ணம் தமிழிலேயே இங்கு எழுதுகிறோம். சோடியத்தின் குறியீடு 'என்ஏ'. நாட்ரியம் என்னும் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. பொட்டாசியத்தின் குறியீடு 'கே'. காலியம் என்னும் பெயரிலிருந்து வந்தது. கால்சியம் 'சிஏ', மெக்னீசியம் 'எம்ஜி', இரும்பு 'எஃப்இ', குளோரின் 'சிஎல்'.

மருத்துவமனையில் நீங்கள் அடிக்கடி காணும் அயனிகளையும் அவற்றின் மின்சுமையையும் கீழே தருகிறோம்.

நேர்மின் அயனிகள்:
+1: சோடியம் (என்ஏ), பொட்டாசியம் (கே)
+2: கால்சியம் (சிஏ), மெக்னீசியம் (எம்ஜி), ஃபெரஸ் இரும்பு (எஃப்இ)
+3: ஃபெரிக் இரும்பு (எஃப்இ)

எதிர்மின் அயனிகள்:
−1: குளோரைடு (சிஎல்), பைகார்பனேட் (எச்சிஓ3)
−2: கார்பனேட் (சிஓ3), சல்பேட் (எஸ்ஓ4)
−3: பாஸ்பேட் (பிஓ4), சிட்ரேட்

பைகார்பனேட், சல்பேட், பாஸ்பேட் போன்றவை பல அணுக்கள் ஒன்றாய்ப் பிணைந்து ஒரே அயனியாக இயங்கும் தொகுதிகள். அவற்றைப் பிரிக்காமல் ஓர் அலகாகவே கருத வேண்டும்.

விதி ஒன்றே: மொத்த நேர்மின்சுமையும் மொத்த எதிர்மின்சுமையும் சமமாக இருக்க வேண்டும். நேர்மின் அயனியை முதலிலும் எதிர்மின் அயனியை அடுத்தும் எழுதி, சமன்படத் தேவையான எண்ணிக்கையை அந்தந்தக் குறியீட்டின் வலப்புறம் கீழே சிறிதாக எழுதுவர். எண்ணிக்கை ஒன்று என்றால் எழுதுவதில்லை.

சோடியம் +1, குளோரைடு −1. ஒன்றுக்கு ஒன்று; எனவே 'என்ஏசிஎல்'. கால்சியம் +2, குளோரைடு −1. ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு தேவை, எனவே 'சிஏசிஎல்2'. மெக்னீசியம் +2, சல்பேட் −2. ஒன்றுக்கு ஒன்று, எனவே 'எம்ஜிஎஸ்ஓ4'. இரத்த அழுத்தம் மிகுந்த கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வராமல் காக்க நாங்கள் ஊசியாகச் செலுத்தும் மருந்து இந்த மெக்னீசியம் சல்பேட்டே.

எண்கள் ஒன்றிற்கொன்று பொருந்தாதபோது குறுக்கு மாற்று முறை உதவும். கால்சியம் +2, பாஸ்பேட் −3 எனில், கால்சியத்தின் 2 பாஸ்பேட்டிற்கும் பாஸ்பேட்டின் 3 கால்சியத்திற்கும் செல்லும். மூன்று கால்சியம் தருவது +6. இரண்டு பாஸ்பேட் தருவது −6. வாய்பாடு 'சிஏ3(பிஓ4)2'. தொகுதி அயனி ஒன்றுக்கு மேற்பட்டு வரும்போது அதை அடைப்புக்குறிக்குள் எழுதுவது மரபு. குறுக்கே மாற்றியபின் இரு எண்களையும் ஒரே எண்ணால் வகுக்க முடிந்தால் வகுத்து எழுத வேண்டும். மெக்னீசியம் சல்பேட்டில் 2, 2 என வருவது 1, 1 ஆவது இவ்வாறே.

இந்தக் கால்சியம் பாஸ்பேட் பாடநூலோடு நின்றுவிடுவதன்று. சிறுநீரகச் செயலிழப்பு உடையோரின் இரத்தத்தில் பாஸ்பேட் தேங்கும். அதைக் குறைக்கக் கால்சியம் கார்பனேட் மாத்திரை தருவதுண்டு. மாத்திரையின் கால்சியம், உணவிலுள்ள பாஸ்பேட்டுடன் குடலிலேயே இணைந்து, எளிதில் கரையாத உப்பாகி மலத்தோடு வெளியேறுகிறது. வெறும் வயிற்றில் உண்டால் இணைவதற்கு அங்கே உணவின் பாஸ்பேட் இராது. 'சாப்பாட்டோடு சேர்த்து' என்று மருந்துச் சீட்டில் எழுதுவதன் காரணம் இதுதான்.

1250-ஆ, 500-ஆ?

இப்போது இரண்டாம் வினாவுக்கு விடை காணலாம். கால்சியம் +2, கார்பனேட் −2, வாய்பாடு 'சிஏசிஓ3'. கால்சியத்தின் அணு எடை 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16. கூட்டினால் 40 + 12 + (3 × 16) = 100. அதாவது 100 பங்கு கால்சியம் கார்பனேட்டில் 40 பங்கே கால்சியம். 1250 மில்லி கிராமில் 40 விழுக்காடு 500 மில்லி கிராம். அட்டையில் உள்ள இரண்டு எண்களும் சரியே. 1250 என்பது சேர்மத்தின் எடை. 500 என்பது அதிலுள்ள கால்சியத்தின் எடை. 'குறைத்துப் போட்டுவிட்டார்கள்' என்று எண்ணி இரண்டு மாத்திரைகளாக உண்ண வேண்டியதில்லை.

இதே கணக்கு சமையல் உப்புக்கும் பொருந்தும். சோடியம் 23, குளோரின் 35.5, மொத்தம் 58.5. ஆகவே 5 கிராம் உப்பில் ஏறத்தாழ 2 கிராம் சோடியம் உள்ளது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கடையில் வாங்கும் தின்பண்டப் பொட்டலங்களில் உப்பின் அளவு இராது. சோடியம் இத்தனை மில்லி கிராம் என்றே இருக்கும். அந்த எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். பொட்டலத்தில் 800 மில்லி கிராம் சோடியம் என்று இருந்தால், நீங்கள் உண்பது 2 கிராம் உப்பு.

ஓர் எண் செய்யும் வேறுபாடு: இரண்டு சோடாக்கள்

நெசவு ஊர்களில் ஆப்ப சோடாவும் சலவைச் சோடாவும் ஒரே வீட்டில் இருப்பது வழக்கம். இரண்டும் வெண்பொடிகள், இரண்டிலும் சோடியம் உண்டு, இரண்டையும் பேச்சில் 'சோடா' என்றே கூறுவர். ஆயினும் இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். சோடியம் +1, பைகார்பனேட் −1; வாய்பாடு 'என்ஏஎச்சிஓ3'. சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட். கார்பனேட் −2 ஆதலால் இரண்டு சோடியம் தேவை, வாய்பாடு 'என்ஏ2சிஓ3'. ஒரு ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் மற்றொரு சோடியம் வந்ததே வாய்பாட்டில் உள்ள வேறுபாடு.

விளைவிலுள்ள வேறுபாடோ மிகப் பெரிது. ஆப்ப சோடா மென்காரம். மாவில் சேர்க்கத் தக்கது. சலவைச் சோடா அதனினும் வலிய காரம். கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டால் அதன் மேலுள்ள பசை கரைந்து, நூல் மென்மையும் பளபளப்பும் பெறுகிறது. பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு கரைந்து போகும் பசையே. அப்பசையும் ஒரு புரதம் என்பதை நினைவிற்கொள்க. குழந்தையின் வாயிலும் உணவுக்குழாயிலும் உள்ள மென்சவ்வும் புரதத்தால் ஆனதே. காரம் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

ஆகவே சலவைச் சோடாவையும் சாயப் பொருள்களையும் உணவு டப்பாக்களிலோ குளிர்பானப் புட்டிகளிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். பெயரெழுதி, அடுக்களைக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறி யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்; மேலே வரும் காரம் உணவுக்குழாயை இரண்டாம் முறையும் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ கொடுத்துக் காரத்தை முறிக்க முயலவும் வேண்டாம். வாயை நீரால் கழுவிவிட்டு, 108 அவசர ஊர்தியை அழைத்து, அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். பொட்டலத்தின் மேலுள்ள பெயர் சிகிச்சையை விரைவுபடுத்தும்.

ஆப்ப சோடாவிலும் எச்சரிக்கை தேவை. நெஞ்செரிச்சலுக்கு அதை நீரில் கலந்து அருந்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதன் வாய்பாட்டு எடை 84. அதில் சோடியம் 23. 5 கிராம் ஆப்ப சோடாவில் ஏறத்தாழ 1.4 கிராம் சோடியம் இருக்கிறது. கரிக்கவில்லை என்பதால் உப்பு இல்லை என்று பொருளாகாது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உடையோர் மருத்துவர் சொல்லாமல் இதை அருந்தலாகாது.

சோடியம் குறைந்த உப்பு யாருக்கு?

இனி முதல் வினா. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படும் உப்புகள் பலவற்றில், சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சோடியம் +1, பொட்டாசியம் +1. எனவே 'என்ஏசிஎல்' இருந்த இடத்தில் 'கேசிஎல்' எளிதாக அமர்கிறது. நிறமும் ஒன்றே, சுவையும் ஏறத்தாழ ஒன்றே.

சிறுநீரகம் நலமாக உள்ள பெரியவர்களின் இரத்த அழுத்தத்தைக் குறைக்க இவ்வகை உப்பு உதவும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவ்வாறே கூறுகிறது. ஆனால் அதே வழிகாட்டுதல் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்குப் பொருந்தாது என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுகிறது.

காரணம் இதுதான். இரத்தத்தில் சோடியம் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கும், பொட்டாசியமோ 3.5 முதல் 5 வரை மட்டுமே. பொட்டாசியத்தின் பெரும்பகுதி செல்களுக்கு உள்ளே உள்ளது. இந்த உள்-வெளி வேறுபாட்டைக் கொண்டே இதயத் தசை தன் மின்துடிப்பை நடத்துகிறது. மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்துடையது. அது தளர்ந்திருக்கையில் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும். மிகுதியாக ஏறினால் இதயத் துடிப்பு சீர்குலைந்து நின்றுவிடவும் கூடும். பல வேளைகளில் முன்னறிகுறி ஏதுமின்றி இது நேர்கிறது. சிலருக்குக் கைகால் தளர்ச்சியும் படபடப்பும் தோன்றலாம்.

ஆகவே சிறுநீரக நோய் உடையோரும், டயாலிசிஸ் செய்துகொள்வோரும், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் சில இதய, இரத்த அழுத்த மாத்திரைகளை உண்போரும் இந்த உப்பைத் தாமாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். அட்டையின் பின்புறத்தில் 'பொட்டாசியம் குளோரைடு' என்னும் பெயர் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் எங்களிடம் காட்டிக் கேளுங்கள். இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி என்பதையும் இவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்துப்பு பற்றியும் ஒரு சொல். அது பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படும் உப்பு; அதன் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. நிறம் மாறியதால் வாய்பாடு மாறிவிடவில்லை. இரத்த அழுத்தம் உடையோர் அதையும் சாதாரண உப்பைப் போலவே அளந்துதான் உண்ண வேண்டும். மேலும், அயோடின் சேர்த்த உப்பில் ஒரு கிலோவுக்கு 15 மில்லி கிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. பொட்டாசியம் அயோடேட் என்னும் மற்றோர் அயனிச் சேர்மத்தின் வழியே அது சேர்க்கப்படுகிறது. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே உண்டால், தைராய்டு சுரப்பிக்குத் தேவையான இந்த அயோடின் கிடைக்காமல் போகும்.

95-க்கு 95: உயிர்காக்கும் பொட்டலத்தின் கணக்கு

வயிற்றுப்போக்கில் உடல் இழப்பது நீரை மட்டுமன்று. நீரோடு சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய அயனிகளையும் இழக்கிறது. வெறும் நீர் இவ்விழப்பை ஈடு செய்யாது.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி செலுத்தும் திரவம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலை உறவினர்களின் கையாலேயே வாய்வழி கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு, அக்கரைசல் பெற்றோரிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவரது மறைவுக்குப்பின் 2023-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது. குடலில் குளுக்கோசும் சோடியமும் ஒரே வாயிலின் வழியே இணைந்து உள்ளே செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. இக்கரைசலின் ஆற்றல் இதிலேயே அடங்கியுள்ளது.

இன்று நம் கைக்கு வரும் பொட்டலத்தில், ஒரு லிட்டருக்கென இவை உள்ளன:
சோடியம் குளோரைடு 2.6 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம்
டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம்
குளுக்கோஸ் 13.5 கிராம்

'டிரை' என்றால் மூன்று. சிட்ரேட் −3 ஆதலால் மூன்று சோடியத்தைச் சேர்த்துக்கொள்கிறது; பெயரிலேயே வாய்பாடு இருக்கிறது. இவ்வுப்புகள் ஒரு லிட்டர் நீரில் கரைந்தபின் சோடியம் 75, பொட்டாசியம் 20, குளோரைடு 65, சிட்ரேட் 10 மில்லிமோல் என்ற அளவில் அயனிகள் இருக்கும். நேர்மின்சுமை 75 + 20 = 95. எதிர்மின்சுமை 65 + (10 × 3) = 95. ஒரு சேர்மத்தின் வாய்பாட்டில் நாம் கண்ட அதே விதி, ஒரு லிட்டர் கரைசல் முழுவதிலும் நிற்பதைப் பாருங்கள். குளுக்கோஸ் அயனியன்று, எனவே இந்தக் கணக்கில் அது சேராது.

இவ்வளவு நுட்பமாக அளந்து வைக்கப்பட்ட விகிதம், நீரின் அளவு தவறினால் பயனற்றுப் போகும். லிட்டருக்கான பொட்டலத்தைப் பிரித்துத் தம்ளரில் கரைத்தால், கண்ணளவில் பிரித்த பொடியில் எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. கரைசல் செறிவானால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நீர்த்துப்போனால் இழந்த உப்பு ஈடாகாது. எனவே முழுப் பொட்டலத்தையும், அதன்மேல் குறித்துள்ள அளவு நீரில், ஒரே முறையாகக் கரைக்க வேண்டும். சிறிய பொட்டலங்கள் 200 மில்லி லிட்டருக்கானவை. அவற்றை ஒரு லிட்டரில் கரைக்காதீர்கள். காய்ச்சி ஆறவைத்த நீரைப் பயன்படுத்துங்கள்; கரைத்தபின் மீண்டும் கொதிக்க வைக்காதீர்கள். சர்க்கரையோ உப்போ கூடுதலாகச் சேர்க்காதீர்கள். குழந்தைக்குக் கரண்டியால் சிறுகச் சிறுகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். குழந்தை சோர்ந்து கண் திறவாமல் கிடந்தாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே அழைத்து வாருங்கள்.

வீட்டில் செய்து பார்க்க

கீழ்க்கண்ட சேர்மங்களின் வாய்பாட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள்: மெக்னீசியம் குளோரைடு, ஃபெரஸ் சல்பேட், கால்சியம் சல்பேட், பொட்டாசியம் பாஸ்பேட்.

விடைகள்: எம்ஜிசிஎல்2, எஃப்இஎஸ்ஓ4, சிஏஎஸ்ஓ4, கே3பிஓ4. இவற்றுள் முதலாவது, மரக்காணம், தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் உள்ளது. மழைக்காலத்தில் கல் உப்பு கசிவதற்கு அதுவே பெரிதும் காரணம். இரண்டாவது, இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளில் உள்ளது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் பயன்படுத்தும் உப்புப் பொட்டலத்தையும், நீங்கள் உண்ணும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள். அறிக்கையில் சோடியம் குறைந்துள்ளது என்று கண்டவுடன் உணவில் உப்பைக் கூட்டவோ, பொட்டாசியம் குறைந்துள்ளது என்று மருந்தை நிறுத்தவோ வேண்டாம். உடலில் நீர் மிகுதியாகத் தேங்கினாலும் சோடியத்தின் எண் குறைந்தே காட்டும்; அப்போது கூடுதல் உப்பு வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் வளர்க்கும். எண் எதனால் மாறியது என்பதை உங்களோடு அமர்ந்து பார்த்து, செய்ய வேண்டியதை நாங்கள் கூறுவோம்.